கண்ணாடி வீடும் நம்ம தவறணையும்



எமது தோட்டப் பிள்ளைகளின் இயற்கைக் குழு, வரும் பாடசாலை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹக்கலை தாவரவியல் பூங்காவுக்குப் போகிறது. அங்கேயுள்ள செடி வீடுகளையும் பன்னச் சோலையையும் ஓர்கிட் வீட்டையும் பார்ப்பதுதான் முக்கிய நோக்கம். இதற்குப் பெயர் எடுக்க நாம் லயம் லயமாகப் போனபோது பல வீடுகளில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "மரமும் செடியும் பார்க்க பஸ் ஏறிப் போகணுமா? இங்க இல்லாத செடியா?" என்றார்கள். வேறு சிலர், "நாங்கதான் நாள் பூரா செடிக்குள்ள நிக்கிறோம். பிள்ளையாவது அத விட்டு வெளிய போகட்டும். அங்கயும் கொண்டுபோய் செடியத்தான் காட்டப் போறீங்களா?" என்று கேட்டார்கள்.

இரண்டும் நியாயமான கேள்விகள். இவற்றுக்குப் பதிலாகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.

செடி வீடு என்றால் என்ன?

ஹக்கலை பூங்கா நுவரெலியாவிலிருந்து பதுளை போகும் வீதியில், சுமார் 10 கிலோமீற்றர் தூரத்தில், சீத்தாஎலிய அம்மன் கோயிலைத் தாண்டினதும் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,500 அடி உயரம். இந்த உயரத்தில் சனவரி, பெப்ரவரி மாதங்களில் விடியப் பனி கொட்டிக் கொழுந்து கருகிப்போவது நுவரெலியாப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் குளிரில் சூடான ஊர்ச் செடியை வெளியில் வைத்தால் ஒரு ராத்திரி தாங்காது. காட்டு நிழலில், ஈரத்தில் வாழ்ந்து பழகிய செடியை வெட்டவெளியில் வைத்தால் ஒரு பகல் தாங்காது.

இப்படிப் பல ஊர்ச் செடிகளை ஒரே ஊரில் உயிரோடு வைத்திருக்கக் கட்டியதுதான் செடி வீடு. கண்ணாடியால் கட்டுவார்கள். தடித்த பொலித்தீனால் கட்டுவதும் உண்டு, நிழல் வலையால் மூடுவதும் உண்டு. எதனால் கட்டினாலும் அதன் வேலை மூன்று: சூட்டைப் பிடித்து வைப்பது, ஈரத்தைப் பிடித்து வைப்பது, வெயிலைக் குறைப்பது.

சூடு எப்படி நிற்கிறது? வெயில் கண்ணாடிக்குள்ளால் உள்ளே போகிறது. உள்ளே இருக்கிற மண்ணும் தரையும் சட்டிகளும் சுடுகின்றன. அவற்றைத் தொட்டு நிற்கும் காற்றும் சுடுகிறது. வெளியில் என்றால் சுட்ட காற்று மேலே எழும்பிப் போய்விடும், அந்த இடத்துக்குக் குளிர்ந்த காற்று வரும். கண்ணாடி வீட்டில் கூரை தடுப்பதால் அது போக முடியாது. அதனால்தான் வெளியே குளிர்ந்தாலும் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கிறது. சூடு கூடிவிட்டால் மேலே இருக்கும் ஜன்னலைத் திறந்து விடுவார்கள். "ஜன்னலை ஏன் கீழே வைக்காமல் மேலே வைத்திருக்கிறார்கள்?" என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். யோசித்துச் சொல்லட்டும்.

ஈரம் எதற்கு? ஒவ்வோர் இலையிலும், அதிலும் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத சிறு துவாரங்கள் உண்டு. வேர் குடிக்கும் தண்ணீர் அந்தத் துவாரங்கள் வழியாக ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். காற்று வறண்டிருந்தால் வேகமாகப் போகும், ஈரமாக இருந்தால் மெதுவாகப் போகும். சில செடி வீடுகளில் தரையிலும் தண்ணீர் தெளிப்பதைப் பார்க்கலாம். வேர் குடிப்பதற்காக அப்படிச் செய்வதில்லை. காற்றை ஈரமாக வைக்கத்தான்.

இது நமக்குப் புதுசா?

இல்லை. இதே வேலையைத்தான் நம்ம பெண்கள் தேயிலைத் தவறணையில் செய்கிறார்கள்.

தவறணை வேலை செய்தவர்கள் நினைத்துப் பாருங்கள். தாய்ச் செடியிலிருந்து நல்ல கிளையை வெட்டுகிறோம். ஓர் இலையும் அதன் கணுவில் ஒரு முளையும் இருக்கிற மாதிரித் துண்டாக்குகிறோம். மண் நிரப்பிய பொலித்தீன் பையில் நட்டுத் தண்ணீர் ஊற்றி, மேலே மூங்கில் வளைத்துப் பொலித்தீனால் மூடுகிறோம். அதற்கும் மேலே நிழல் போடுகிறோம். காலையில் பார்த்தால் பொலித்தீனின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும்.

ஏன் மூடுகிறோம்? வெட்டின துண்டுக்கு வேர் கிடையாது, தண்ணீர் குடிக்க வழியில்லை. ஆனால் இலை மட்டும் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும். திறந்து வைத்தால் இரண்டு நாளில் வாடிப்போகும். மூடி வைத்தால் இலை விட்ட தண்ணீர் உள்ளேயே நிற்கும், பொலித்தீனில் பட்டுத் துளியாகித் திரும்ப மண்ணிலேயே விழும். அதற்குள் வேர் பிடித்துவிடும். பிறகு பொலித்தீனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, நிழலைக் குறைத்து, கன்றை வெயிலுக்குப் பழக்குகிறோம். அதன் பிறகுதான் மலைக்குப் போகும்.

கண்ணாடி வீட்டில் நடப்பதும் இதுதான். நம்முடையது முழங்கால் உயரம், அவர்களுடையது ஆள் நுழையும் உயரம். ஆகவே தவறணையில் வேலை செய்கிற அம்மா, பிள்ளை புறப்படும் முன்னமே இதைச் சொல்லிக் கொடுத்து அனுப்பலாம். அப்படிப் போகிற பிள்ளைக்குக் கண்ணாடி வீட்டைப் பார்த்தவுடனே விசயம் விளங்கும். பாடசாலைப் புத்தகத்தில் படிப்பதையும் அம்மா செய்கிற வேலையையும் பிள்ளை முதல் தடவையாக ஒன்றாகப் பார்க்கும்.

பிள்ளைகள் எதைக் கவனிக்க வேண்டும்?

ஓடி ஓடி எல்லாவற்றையும் பார்ப்பதைவிட, நின்று நாலைந்தைப் பார்ப்பது நல்லது.

பன்னம்: ஓடைக் கரையில் பார்க்கிற செடிதான். பன்னத்தில் பூவும் இல்லை, காயும் இல்லை, விதையும் இல்லை. இலையைத் தொடாமல் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தால் பழுப்புப் பொட்டுகள் வரிசையாக இருக்கும். பூச்சி முட்டை என்றோ நோய் என்றோ நினைக்க வேண்டாம். அந்தப் பொட்டுக்குள் இருக்கும் தூள்தான் பன்னத்தின் வித்து. அது காற்றில் பறந்துபோய் ஈரமான இடத்தில் முளைக்கும். மரம் மாதிரி உயரமாக வளர்ந்த மரப்பன்னங்களும் அங்கே உண்டு. நம்ம மேட்டுக்காட்டு ஓடைகளிலும் இவை இருக்கின்றன. ஓடைக் கரை மண்ணை இறுகப் பிடித்து வைத்திருப்பவை இவையும் இவற்றோடு வளரும் செடிகளுமே.

ஓர்கிட்: பெரும்பாலும் மரத்தின் மேல் ஒட்டி வளரும். மரத்தின் சாற்றை உறிஞ்சுவதாகச் சிலர் நினைக்கிறார்கள். அது பிழை. மரத்தை இருப்பிடமாக மட்டுமே அது வைத்துக்கொள்கிறது. ஈரத்தை மழையிலும் பனியிலும் எடுத்துக்கொள்ளும். ஓர்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். சாப்பாடு சேர்த்து வைக்க அதில் இடமில்லாததால், ஒரு வகைப் பூஞ்சணம் துணைக்கு வந்தால்தான் முளைக்கும். காட்டில் பிடுங்கிக்கொண்டு வந்து லயத்து வாசலில் கட்டினால் பல சமயம் செத்துப்போவதற்கு இப்படிப்பட்ட தேவைகள்தான் காரணம். இலங்கைக்கே உரிய சில ஓர்கிட் வகைகள் பிடுங்கிப் பிடுங்கியே அருகிப்போய்விட்டன.

கள்ளி வகை: இலை முள்ளாகிவிட்டது, தண்ணீரைத் தண்டில் சேர்த்து வைத்திருக்கிறது. ஈரம் தேடும் பன்னத்தையும் ஈரம் வேண்டாத கள்ளியையும் ஒன்றாக வைக்க முடியாது. ஏன் என்று பிள்ளைகளே சொல்லட்டும்.

நம்ம செடிகள் எங்கிருந்து வந்தன?

பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

தேயிலை நம்ம மலையில் தானாக முளைத்த செடியில்லை. 1824-இல் சீனாவிலிருந்து ஒரு தேயிலைச் செடியை பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்கள். 1839-இல் கல்கத்தா பூங்காவிலிருந்து அசாம் விதை வந்தது. அந்தக் காலத்தில் இந்த மலைகளெல்லாம் கோப்பி. 1869-இல் கோப்பி இலையில் துரு மாதிரி ஒரு நோய் கண்டது. இருபது வருசத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்துபோயின. அதற்கு முன்னமே, 1867-இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்திருந்தார். கோப்பி போன இடத்தைப் பின்னால் தேயிலை பிடித்தது.

ஹக்கலை பூங்காவை 1861-இல் தொடங்கியது பூப் பார்ப்பதற்கில்லை. தென் அமெரிக்காவின் அண்டீஸ் மலையிலிருந்து வந்த சிங்கோனா மரத்தை இங்கே வளர்த்துப் பார்க்கத்தான் தொடங்கினார்கள். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுத்த கொயினா மருந்து அந்த மரத்தின் பட்டையிலிருந்து எடுப்பது. கோப்பி அழிந்த நேரத்தில் பல தோட்டங்களில் சிங்கோனா நட்டார்கள். 1880-களில் பட்டை அளவுக்கு மிஞ்சிப்போய் விலை விழுந்தது, அதையும் கைவிட்டார்கள்.

இவ்வளவு தூரம் கடலில் செடிகள் சாகாமல் எப்படி வந்தன? முன்னெல்லாம் பெரும்பாலானவை வழியிலேயே செத்துப்போகும். உப்புக் காற்று படும், கப்பலில் நல்ல தண்ணீரும் கிடைக்காது. லண்டனில் நத்தானியல் வார்ட் என்றொரு வைத்தியர் இருந்தார். 1829 அளவில், மூடி வைத்த கண்ணாடிப் போத்தலுக்குள் ஈர மண்ணில் ஒரு பன்னமும் புல்லும் தானாக முளைத்ததைக் கண்டார். தண்ணீர் ஊற்றாமலே அவை உயிரோடு நின்றன. நம்ம தவறணைப் பொலித்தீனில் நடக்கிற அதே வேலைதான். அதை வைத்து அவர் கண்ணாடிப் பெட்டி செய்தார். 1833-இல் அப்படி இரண்டு பெட்டிகளில் செடி வைத்து லண்டனிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். மாதக்கணக்கான பயணத்திலும் பெரும்பாலான செடிகள் சாகவில்லை. பிறகு சீனாவிலிருந்து ஆயிரக்கணக்கான தேயிலைக் கன்றுகள் இந்தியாவின் இமயமலைச் சாரலுக்குப் போனதும் இந்த மாதிரிப் பெட்டிகளில்தான்.

றப்பரும் அப்படியே. 1876-இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ பூங்காவுக்கு விதை வந்தது. அதைக் கண்ணாடி வீட்டில் முளைக்க வைத்தார்கள். அதே வருசம் 38 கண்ணாடிப் பெட்டிகளில் 1,919 கன்றுகள் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட பூங்காவில் அவற்றை நட்டார்கள். கேகாலை, களுத்துறைப் பக்கத்தில் பால் வெட்டுகிற நம்ம உறவுக்காரர்களின் தொழில் வந்த வழி இது.

ஆகவே கண்ணாடி வீடு வெறும் வேடிக்கை இடமில்லை. நம்ம தொழிலே பூங்காக்களிலும் கண்ணாடிப் பெட்டிகளிலும் தொடங்கியதுதான்.

செடிக்குப் பெட்டி, ஆளுக்கு?

செடியைச் சாகவிடாமல் காக்கப் பெட்டி செய்து கொண்டுவந்த அதே காலத்தில்தான் நம்ம பாட்டன் பூட்டன்மாரும் வந்தார்கள். அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கொலராவும் காய்ச்சலும் பசியுமாக வழியில் விழுந்தவர்கள் ஏராளம். 2023-இல் "மலையகம் 200" என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தது அந்த வழியை நினைத்துத்தான்.

பூங்காவில் செடிக்குப் பெயர்ப் பலகை இருக்கும், எந்த நாட்டிலிருந்து வந்தது என்றும் சில பலகைகளில் எழுதியிருக்கும். காடு வெட்டி, குழி வெட்டி, கான் வெட்டி இந்த மலையைத் தேயிலையாக்கியவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் வீட்டில் இருக்கிற தாத்தா பாட்டிமார் மட்டும்தான். பிள்ளை பயணம் போய் வந்து "தேயிலை சீனாவிலிருந்து வந்ததாம்" என்று சொல்லும்போது, "நாம எங்கிருந்து வந்தோம் தெரியுமா?" என்று ஊர்ப் பெயரோடு சொல்லிக் கொடுங்கள். கொப்பியில் எழுதியும் வைக்கட்டும்.

"பிள்ளையாவது செடியை விட்டுப் போகட்டும்" என்றவர்களுக்கும் இதுவே எமது பதில். பிள்ளை எந்தத் தொழிலுக்கும் போகலாம், போகவும் வேண்டும். ஆனால் அம்மா செய்கிற வேலை அறிவில்லாத வேலை என்று நினைத்து, வெட்கப்பட்டுப் போகக் கூடாது. அது அறிவோடு செய்கிற வேலை என்று தெரிந்து போகட்டும். விவசாய விஞ்ஞானம், பூச்செடி வளர்ப்பு, கன்று உற்பத்தி என்று செடியோடு சேர்ந்த படிப்பும் தொழிலும் எத்தனையோ உண்டு. நுவரெலியா, வெலிமடைப் பக்கத்தில் பொலித்தீன் கூடாரங்களில் பூவும் மரக்கறியும் வளர்ப்பதை வீதியிலிருந்தே பார்க்கலாம்.

ஏன் செடி கொண்டுவரக் கூடாது?

பூங்காவில் இலை, விதை, கிளை எதையும் பிடுங்கக் கூடாது என்பது சட்டம். அதற்குக் காரணமும் உண்டு. கோப்பியை அழித்தது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சணத் தூள். மலைமலையாக ஒரே செடியை நட்டிருந்ததால் அது ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குச் சுலபமாகப் பரவியது. தேயிலைக்கு வரும் கொப்புள நோயும் இங்கே முன்பு இருந்ததில்லை. 1946-இல்தான் இலங்கையில் கண்டார்கள், இன்றைக்கும் மழைக் காலத்தில் அதற்கு மருந்து அடிக்கிறோம். அழகுக்கென்று கொண்டுவந்த செடியும் கேடு செய்யும். ஐரோப்பாவிலிருந்து வந்த ஊலெக்ஸ் என்ற மஞ்சள் பூ முட்புதர், ஹோர்ட்டன் சமவெளியில் பரவி அங்குள்ள செடிகளின் இடத்தைப் பிடிக்கிறது. ஒரு பிள்ளை சட்டைப்பையில் போட்டுவரும் சின்னக் கிளையிலும் பூச்சியோ நோயோ இருக்கலாம்.

பெற்றோர் கவனத்துக்கு

1. ஞாயிற்றுக்கிழமை போவதால் யாருக்கும் பேர் போகாது. பஸ் செலவை நிதியம் ஏற்கும். இரண்டு ஆசிரியர்களும் பிள்ளைப் பராமரிப்பு நிலையப் பொறுப்பாளரும் கூட வருகிறார்கள். தாய்மார் நான்கு பேருக்கும் இடம் உண்டு. ஆகவே பெண் பிள்ளைகளையும் தயங்காமல் அனுப்புங்கள். தவறணையில் வேலை செய்கிற தாய்மார் வந்தால் மிகவும் நல்லது. வழியில் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்ல அவர்களைத்தான் கேட்போம்.

2. சுவெட்டரும் குடையும் கொடுத்து அனுப்புங்கள். வெயில் அடித்தாலும் ஹக்கலையில் மழையும் மூட்டமும் திடீரென்று வரும்.

3. ரொட்டியோ சோறோ வாழை இலையில் கட்டிக் கொடுங்கள். பொலித்தீன் வேண்டாம். குரங்குகளுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது, கையில் வைத்துக் காட்டவும் கூடாது.

4. குளவிக் கூட்டைக் கண்டால் கல் எறியாமல், சத்தம் போடாமல் விலகி வரவேண்டும். மலையில் குளவி கொட்டினால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

5. தடுமல், இழுப்பு உள்ள பிள்ளைகளின் விபரத்தை முன்கூட்டியே எங்களிடம் சொல்லுங்கள். செடி வீட்டுக்குள் புழுக்கமாக இருக்கும்.

வந்த பிறகு வீட்டில் செய்து பார்க்க

காசு செலவில்லாத ஒரு வேலை. ஒரு பெரிய பிளாஸ்டிக் போத்தலைக் கழுவி, நடுவில் வெட்டுங்கள். வெட்டுகிற வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும். கீழ்ப் பாதியில் சின்னக் கல் கொஞ்சம், அதன் மேல் நாலு விரல் உயரத்துக்கு மண். கான் ஓரத்தில் கிடைக்கிற சின்னப் பன்னம் ஒன்றை வேரோடு எடுத்து நட்டு, மண் நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். மேல் பாதியைச் செருகி, மூடியையும் மூடிவிடுங்கள். நேர் வெயில் படாத ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். நேர் வெயில் பட்டால் உள்ளே சூடேறிச் செடி வெந்துவிடும்.

மறுநாள் காலை போத்தலின் உள்பக்கம் தண்ணீர்த் துளி நிற்கும். பல கிழமை தண்ணீர் ஊற்றாமலே அந்தப் பன்னம் பச்சையாக நிற்பதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கும். உலகத்தை மாற்றிய கண்ணாடிப் பெட்டி இதுதான் என்று சொல்லிக் கொடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். ஓடைக் கரையில் நிற்கும் மரப்பன்னங்களையும் காட்டுச் செடிகளையும் விறகுக்கோ அலங்காரத்துக்கோ வெட்டாதீர்கள். பீலிக்கு வரும் தண்ணீர் அந்தக் கரைகளின் வழியாகத்தான் வருகிறது. கரை சரிந்தால் முதலில் கலங்குவது நம்ம குடத்துத் தண்ணீர்தான்.

பயணத்துக்கு 8 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகள் பெயர் கொடுக்கலாம். பெயர்களைப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்திலோ நலன்புரி அலுவலகத்திலோ பதியுங்கள். கூட வர விரும்பும் தவறணைத் தாய்மாரும் அங்கேயே பெயர் கொடுங்கள்.